டொராண்டோவிலிருந்து சென்னைக்கு: தூரமும் பயண நேரமும்

டொராண்டோவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் ஊருக்குப் போகும் முதல் பயணத்தையோ, பெற்றோரை இங்கு வரவழைக்கும் பயணத்தையோ திட்டமிடும்போது தூரத்தைவிட நேரக் கணக்கில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். பூமியின் வளைவை ஒட்டி அளந்தால் சென்னை ஏறத்தாழ 13,400 கிலோமீட்டர். கொழும்பு சுமார் 14,000. டொராண்டோவும் இந்த நகரங்களும் உலக உருண்டையின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், மிகக் குறுகிய வழி கிரீன்லாந்துக்கும் ரஷ்யாவுக்கும் மேலாகச் செல்கிறது. ஆனால் அந்த வழியில் யாரும் உங்களை ஏற்றிச் செல்லப் போவதில்லை. டொராண்டோவுக்கும் சென்னைக்கும் இடையே நேரடி விமானம் இல்லை. ரஷ்ய வான்வெளியும் 2022 முதல் கனடிய விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது.

ஆகவே வழியில் ஓரிடத்திலாவது மாறியாக வேண்டும். லண்டன் வழியாகச் சென்றாலும் துபாய் வழியாகச் சென்றாலும் மொத்தத் தூரம் 14,000 கிலோமீட்டரை ஒட்டியே வரும். வேறுபாடு, அந்தத் தூரம் எப்படிப் பிரிகிறது என்பதில் இருக்கிறது. ஊரிலிருந்து வருபவருக்கு லண்டன் வழி ஏறத்தாழ 11 மணி நேரமும் 8 மணி நேரமுமாகப் பிரியும். துபாய் வழியிலோ முதலில் 4 மணி நேரமும், பிறகு ஒரே மூச்சில் ஏறத்தாழ 14 மணி நேரமும் உட்கார்ந்திருக்க வேண்டும். முழங்கால் வலியோ கால் வீக்கமோ உள்ள பெற்றோருக்கு, விலை சற்றுக் கூடினாலும் முதல் வழியையே நான் பரிந்துரைப்பேன். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் பயணச்சீட்டு எடுக்கும்போதே பதிவு செய்துவிடுவது நல்லது. டெல்லி வழியாக ஊருக்குப் போகிறவர்கள், குடிவரவுச் சோதனையை அங்கேயே முடித்து, பெட்டிகளை எடுத்துச் சுங்கம் கடந்து, உள்நாட்டு விமானத்துக்கு மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்பதால், இடையில் இரண்டு மணி நேரம் மட்டும் இருக்கும் சீட்டை மலிவு என்று நம்பி வாங்க வேண்டாம்.

இனி கடிகாரக் கணக்கு. சீட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்களே. இந்தியாவும் இலங்கையும் குளிர்காலத்தில் டொராண்டோவைவிட பத்தரை மணி நேரம் முன்னே இருக்கின்றன. மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் மாத முதல் ஞாயிறு வரை ஒன்பதரை மணி நேரம். குளிர்காலத்தில் வெள்ளி இரவு 9 மணிக்கு இங்கிருந்து புறப்பட்டு, இடைத்தங்கலையும் சேர்த்து 22 மணி நேரம் பயணம் செய்தால், சென்னையில் இறங்கும்போது ஞாயிறு காலை 5.30 ஆகியிருக்கும், சனிக்கிழமை முழுவதும் வழியிலேயே கழிந்துவிடும். விமான நிலையத்துக்கு உறவினரை ஒரு நாள் முன்னதாகவே வரவழைத்தவர்கள் நம்மிடையே உண்டு. மறுதிசையில், ஞாயிறு காலை 5.30-க்குச் சென்னையில் ஏறி 23 மணி நேரம் பயணம் செய்பவர் அன்று மாலை 6 மணிக்கே டொராண்டோவில் இறங்குவார். சீட்டைப் பார்த்தால் பன்னிரண்டரை மணி நேரப் பயணம்போலத் தோன்றும். அதை நம்பி, மறுநாள் காலையிலேயே வேலைக்குத் திரும்புவதாக ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒரே வழியில் போவதற்கும் வருவதற்கும்கூட நேரம் ஒத்திருக்காது. மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக் காற்று, ஊருக்குப் போகும் விமானத்தை முன்னே தள்ளுகிறது, திரும்பும் விமானத்தை எதிர்க்கிறது. லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் இடையில் மட்டுமே இதனால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேறுபடும்.