ஏரியைத் தேடினால் ஏரி கிடைக்காது: நூலகத் தரவுத்தளத்தில் ஆய்வுக் கட்டுரை தேடும் முறை

முதுகலை வரலாறு படிக்கும் மாணவி ஒருவர் போன மாதம் என்னிடம் வந்தார். ஆய்வேட்டுத் தலைப்பு, தமிழ்நாட்டு ஏரிப் பாசனம். "ரெண்டு நாளா தேடுறேன் அண்ணா, ஒண்ணுமே சிக்கல" என்றார். கூகுளில் கிடைத்தவை எல்லாம் செய்தித் துணுக்குகள். உருப்படியாகத் தெரிந்த ஒரே கட்டுரையைத் திறக்க முப்பது டாலருக்கு மேல் கேட்டது. அதே கட்டுரைக்கு அவருடைய பல்கலைக்கழக நூலகம் ஏற்கெனவே சந்தா கட்டியிருந்தது. அவரோடு உட்கார்ந்து தேடிய வரிசையிலேயே எழுதுகிறேன். சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

முதல் படி: நூலகத்தின் வாசல் வழியாகப் போங்கள்

பல்கலைக்கழக இணையதளத்தில் நூலகப் பக்கத்தைத் திறந்தால் 'இ-ரிசோர்சஸ்' என்று ஓர் இணைப்பு இருக்கும். வளாக வைஃபையில் இருந்தால் பெரும்பாலும் கடவுச்சொல்லே வேண்டாம். வீட்டிலிருந்து தேட, இன்ஃபெட் போன்ற வெளி அணுகல் வசதிக்கான கணக்கு உண்டா என்று நூலகரிடம் கேளுங்கள். அரசுக் கல்வி நிறுவனம் என்றால் இன்னொரு கதவும் உண்டு. 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் வருகின்றன. அரசு உதவிபெறும் கல்லூரியில் படிப்பவர்கள், கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் என்-லிஸ்ட் திட்டம் பற்றி விசாரியுங்கள். பலருக்கு இவை இருப்பதே தெரியாமல் படிப்பு முடிந்துவிடுகிறது. அதுதான் எனக்கு ஆற்றாமை.

இரண்டாம் படி: எந்தத் தரவுத்தளம்?

வரலாறு, சமூகவியல், இலக்கியம் என்றால் ஜேஸ்டோரில் தொடங்கலாம். மருத்துவத்துக்குப் பப்மெட், மின்னணுவியலுக்கு ஐஇஇஇ எக்ஸ்ப்ளோர். ஸ்கோபஸ் என்ற தளம், ஒரு கட்டுரை எங்கே வந்திருக்கிறது என்று மட்டும் காட்டும். முழுக் கட்டுரையைப் பதிப்பகத்தின் தளத்தில்தான் படிக்க வேண்டும். ஜேஸ்டோரில் ஒன்றைக் கவனியுங்கள்: பல ஆய்விதழ்களின் கடைசிச் சில ஆண்டு இதழ்கள் அதில் இருக்காது. அதனால் புதிதாக யாரும் எழுதவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: சொல்லைத் தேடுங்கள்

இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும். அந்த மாணவி 'லேக் இரிகேஷன்' என்று தேடியிருந்தார். ஏரிக்கு அகராதி சொல்லும் ஆங்கிலம் அதுதானே! ஆனால் ஆங்கிலேயர் கால ஆவணங்கள் தொடங்கி இன்றைய ஆய்வுகள் வரை, நம் ஏரியும் கண்மாயும் ஆங்கிலத்தில் 'டேங்க்'. அந்த ஒரு சொல்லை மாற்றியதும் திரை நிறையக் கட்டுரைகள் வந்து விழுந்தன.

ஒரு தாளை எடுத்து, தலைப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் மாற்றுப் பெயர்களை எழுதுங்கள். தமிழ்நாடு என்ற பெயர் 1969இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கட்டுரைகளில் 'மெட்ராஸ்' என்றுதான் இருக்கும். தஞ்சாவூருக்கு 'டாஞ்சோர்', இராமநாதபுரத்துக்கு 'ராம்நாட்'. காவிரியைக் 'கே'யில் தொடங்கி எழுதுபவர்களும் உண்டு, 'சி'யில் தொடங்கி எழுதுபவர்களும் உண்டு. ஊரார் கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்தின் கடைசியில் சிலர் 'டி' மட்டும் போடுவார்கள், சிலர் 'டிஹெச்' போடுவார்கள். கணினிக்கு இவை தனித்தனிச் சொற்கள். ஊரும் பேரும் தெரிந்த நமக்குத்தான் இவையெல்லாம் ஒன்று என்று தெரியும்.

நான்காம் படி: சொற்களைக் கோத்தல்

'டேங்க் இரிகேஷன்' என்பதை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால் இரண்டு சொல்லும் ஒட்டி வரும் கட்டுரைகள் மட்டும் கிடைக்கும். மாற்றுப் பெயர்களை அடைப்புக்குறிக்குள் வைத்து நடுவில் 'ஆர்' போடுங்கள். வெவ்வேறு கருத்துகளை 'அண்ட்' கொண்டு இணையுங்கள். இரண்டையும் கேபிடல் எழுத்தில் தட்டுவது நல்லது. ஆக, மேற்கோள் குறிக்குள் டேங்க் இரிகேஷன், அப்புறம் 'அண்ட்', அப்புறம் அடைப்புக்குறிக்குள் 'தமிழ்நாடு ஆர் மெட்ராஸ்'. தமிழ்நாட்டை ஆங்கிலத்தில் இரண்டு சொல்லாக எழுதினால் அதற்கும் மேற்கோள் குறி வேண்டும். தனியாக 'இரிகேஷன்' என்று தேடும்போது கடைசியில் உள்ள ஐ, ஓ, என் மூன்றையும் எடுத்துவிட்டு நட்சத்திரக் குறி போட்டால் 'இரிகேட்டட்', 'இரிகேட்டிங்' எல்லாம் சேர்ந்து வரும்.

முடிவுகள் ஆயிரக்கணக்கில் வந்தால் ஆண்டையும் துறையையும் வைத்துக் குறையுங்கள். நூல் மதிப்புரைகளை வடிகட்டிவிடலாம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு தடித்த நூல் என்ன சொல்கிறது என்பதை இரண்டு பக்க மதிப்புரை சொல்லிவிடும்.

ஐந்தாம் படி: ஒரு கட்டுரையிலிருந்து அடுத்ததற்கு

கட்டுரைச் சுருக்கத்தையும் முடிவுரையையும் முதலில் படியுங்கள். பொருத்தமானது என்று தோன்றினால் அடிக்குறிப்புகளுக்குப் போங்கள்; அதற்கு முன்னால் எழுதியவர்கள் அங்கே இருப்பார்கள். பின்னால் எழுதியவர்களைப் பிடிக்க, அதே தலைப்பை, ஆய்வுக் கட்டுரைகளுக்கான தேடல் தளமான கூகுள் ஸ்காலரில் போட்டு 'சைட்டட் பை' என்பதைச் சொடுக்குங்கள். ஸ்காலரின் அமைப்புகளில் 'லைப்ரரி லிங்க்ஸ்' பகுதியில் உங்கள் பல்கலைக்கழகம் இருந்தால் சேர்த்துவிடுங்கள். நூலகத்தில் உள்ள கட்டுரைக்குப் பக்கத்திலேயே இணைப்பு தெரியும்.

பணம் கேட்கும் பக்கம் வந்தால் கார்டை எடுக்காதீர்கள். கட்டுரையின் அடையாள எண்ணான, 10 என்ற எண்ணில் தொடங்கும் டிஓஐ எண்ணைக் குறித்துக்கொண்டு நூலகரிடம் கொடுங்கள். கட்டுரையாசிரியருக்கே மின்னஞ்சல் அனுப்பலாம். தன் எழுத்தை ஒரு மாணவர் கேட்டால் மகிழ்ந்து அனுப்புகிறவர்கள் நிறையப் பேர்.

கிடைத்தவற்றைச் சேமிக்க ஸோட்டெரோ என்ற இலவச மென்பொருள் போதும். தேடிய சொற்றொடரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அந்த மாணவியின் நோட்டில் அன்று கடைசியாக ஏறிய சொல் 'அயகட்'. ஓர் அடிக்குறிப்பில் பார்த்துவிட்டு, "இது என்ன சொல் அண்ணா?" என்று கேட்டார். மெதுவாக வாசிக்கச் சொன்னேன். இரண்டாம் முறை வாசிக்கும்போதே அவருக்குப் பிடிபட்டுவிட்டது: ஏரி நீர் பாயும் நிலப்பரப்பு, நம்ம ஆயக்கட்டு! உடனே அதைப் பெட்டியில் தட்டி, அடுத்த தேடலைத் தொடங்கினார்.