மண்புழுவா, பாம்பா? புழுப்பாம்பை இனங்காணும் முறை

பூந்தொட்டி மண்ணை மாற்றும்போது கறுப்பாக, மெல்லியதாக ஏதோ ஒன்று வேகமாக நெளிந்து ஓடும். பலர் அதை மண்புழு என்று விட்டுவிடுவார்கள். பாம்பு என்று கண்டுகொண்டவர்களில் சிலரோ பயந்து நசுக்கிவிடுகிறார்கள். அதுதான் புழுப்பாம்பு, நஞ்சே இல்லாத, மனிதரைக் கடிக்கவும் இயலாத சிறு வாய் கொண்ட உயிர். அதை அடையாளம் காணக் கற்றுக்கொண்டால் அந்தப் பயம் போய்விடும்.

தேவையானவை: ஒரு வெள்ளைத் தட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், கைப்பேசி கேமரா, கொஞ்சம் ஈர மண்.

படி 1: தூரத்திலிருந்து பாருங்கள்

புழுப்பாம்பு பெரும்பாலும் 6 முதல் 17 செ.மீ. நீளம்தான் இருக்கும். கண்ணில் பட்டது 20 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, உடலில் பட்டைகள் இருந்தாலோ, தலை கழுத்திலிருந்து பிரிந்து தெரிந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். நஞ்சுள்ள பாம்பின் குட்டியாக இருக்கலாம். கை வைக்கக் கூடாது. சந்தேகம் இல்லையென்றால் மட்டும், மண்ணோடு சேர்த்து அள்ளித் தட்டில் விட்டு நிழலில் வையுங்கள். விரலால் கிள்ளித் தூக்காதீர்கள்.

படி 2: அசைவைக் கவனியுங்கள்

மண்புழு தன் உடலை நீட்டியும் சுருக்கியும் நகரும். அதன் நீளம் மாறிக்கொண்டே இருக்கும். பாம்பின் நீளம் மாறாது. அது பக்கவாட்டில் வளைந்து வளைந்து ஓடும். மண்புழுவின் மேல் வளையங்களும் வழவழப்பான ஈரமும் தெரியும். பாம்பின் மேலோ உலர்ந்த பளபளப்பு. ஒரு நுனியிலிருந்து குட்டி நாக்கு வெளியே வந்து போனால் அது பாம்புதான் என்பதில் ஐயமில்லை.

படி 3: தலையையும் வாலையும் பிரித்தறியுங்கள்

இரண்டு முனைகளும் ஒரே பருமனில் மழுங்கியிருப்பதால் புதியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். லென்ஸில் இரண்டு கரும்புள்ளிகள் தெரியும் பக்கம் தலை. அவைதாம் கண்கள், செதிலுக்கு அடியில் இருப்பதால் வெளிச்சத்தையும் இருட்டையும் உணரும் அளவுக்குத்தான் பயன்படுகின்றன. வால் மிகக் குட்டையானது, அதன் நுனியில் சிறு முள் ஒன்று இருக்கும். பிடித்தால் அந்த முள்ளைத் தோலில் ஊன்றும். அது கொட்டுவது அல்ல, நகர்வதற்கான பிடிமானம்.

படி 4: செதில்களை எண்ணுங்கள்

நிறத்தை நம்பாதீர்கள். கறுப்பு, சாம்பல், பழுப்பு என்று மாறுபடும். தோல் உரிக்கும் நாட்களில் நீலம் கலந்த வெளிர்நிறமாகவும் இருக்கும். செதில்தான் உறுதியான சான்று. பெரும்பாலான தரைப்பாம்புகளுக்கு வயிற்றில் அகலமான செதில்கள் உண்டு. இதற்கு முதுகிலும் வயிற்றிலும் ஒரே அளவுச் செதில்கள், கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். மண்ணுக்குள் முன்னும் பின்னும் நழுவ அந்த வழவழப்பு வசதியானது. உடலைச் சுற்றி 20 வரிசைச் செதில்கள் இருக்கும். உயிருள்ள பாம்பில் எண்ணுவது கடினம். பல கோணங்களில் படமெடுத்து, பெரிதாக்கி எண்ணுங்கள். 14 வரிசைதான் வருகிறது என்றால் உங்கள் தட்டில் இருப்பது, கீழ்த்தாடையில் மட்டும் பல் உள்ள லெப்டோடிப்லோபிடே குடும்பத்துப் பாம்பாக இருக்கக்கூடும். நம் பாம்புக்குப் பற்கள் மேல்தாடையில் மட்டுமே.

படி 5: வகைப்பாட்டில் பொருத்துங்கள்

ஊர்வன வகுப்பு, செதிலுடையன வரிசை, அதற்குள் பாம்புகள், அதற்குள் ஸ்கோலிகோபிடியா என்னும் குருட்டுப் பாம்புக் கூட்டம், டிப்லோபிடே குடும்பம், இண்டோடிப்லாப்ஸ் பேரினம், பிராமினஸ் சிற்றினம். பழைய நூல்களில் வேறு பெயர்களைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். விசாகப்பட்டினத்தில் கிடைத்த பாம்பை ஸ்காட்லாந்து மருத்துவரும் இயற்கையியலாளருமான பாட்ரிக் ரஸ்ஸல் 1796இல் விவரித்தார். பிரெஞ்சு இயற்கையியலாளர் டோடின் 1803இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, மண்ணுளிப் பாம்புகளின் எரிக்ஸ் பேரினத்தில் சேர்த்துவிட்டார். பிறகு டிப்லாப்ஸ், ராம்போடிப்லாப்ஸ் என்று மாறி, 2014இல் இன்றைய பேரினத்துக்கு வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த பண்பை இனிதான் சொல்ல வேண்டும். இந்த இனத்தில் ஆண் இல்லை! எல்லாமே பெண்கள். கருவுறுதல் இல்லாமலேயே முட்டையிட்டுத் தம்மைப் போன்ற பெண்களையே பெறுகின்றன. வழக்கமான இரண்டு தொகுதிகளுக்குப் பதில் மூன்று தொகுதிக் குரோமோசோம்கள், மொத்தம் 42. தொட்டி மண்ணில் ஒரே ஒரு பாம்பு ஒளிந்து கடல் தாண்டிப் போனாலும் அங்கே ஒரு கூட்டம் உருவாகிவிடும். அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இன்று இது வாழ்வதற்குச் செடி வணிகமும் இந்த இனப்பெருக்க முறையும்தான் காரணம்.

படி 6: திரும்ப விடுங்கள்

எறும்புகளின் முட்டைகளும் புழுக்களும் கூட்டுப்புழுக்களும், கறையான்களின் முட்டைகளும் குஞ்சுகளும்தான் இதன் முக்கிய உணவு. செடியின் வேரைத் தொடாது. படமெடுத்து முடித்ததும், எடுத்த இடத்துக்கு அருகிலேயே ஈரமும் நிழலும் உள்ள இளகிய மண்ணில் தட்டைச் சாய்த்துவிடுங்கள். தானே உள்ளே போய்விடும். அடுத்து ஒன்றைத் தேட விரும்பினால் பெருமழைக்குப் பின் பாருங்கள், வளைகளில் நீர் நிறைந்து மேலே வந்திருக்கும்.