ஆலை மூடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தால்

நிலக்கரி மின்நிலையத்தையோ என்ஜின் பாகம் செய்யும் ஆலையையோ மூடப்போகிறார்கள் என்ற பேச்சு காதில் விழுந்தால், அறிவிப்பு வரட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் ஹேசல்வுட் அனல்மின் நிலையத்தை மூடுவதாக 2016 நவம்பரில் சொன்னார்கள், 2017 மார்ச்சில் மூடியே விட்டார்கள்.

முதல் வேலை காகித வேலை, அதுவும் கேட் திறந்திருக்கும்போதே. பத்து வருடம் பாய்லர் பார்த்தவர் கையில் 'ஆபரேட்டர்' என்று ஒற்றை வரிச் சான்றிதழ் இருந்தால் வெளியே யாருக்கு என்ன புரியும்? எத்தனை டன் நீராவி, என்ன அழுத்தம், தனியாக ஷிஃப்ட் பார்த்தீர்களா, பராமரிப்புக்கு பர்மிட் கொடுக்கும் அதிகாரம் இருந்ததா, எல்லாவற்றையும் எழுதி மேலாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். மூடிய பிறகு கையெழுத்துப் போட ஆள் இருக்காது. மருத்துவப் பரிசோதனை அறிக்கைகளையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். தூசியால் வரும் நுரையீரல் நோய் பல வருடம் கழித்துத்தான் தலைகாட்டும், அப்போது நஷ்டஈடு கேட்க அந்தத் தாள்தான் சாட்சி.

அப்புறம் பயிற்சி. எல்லோரும் சோலார் பேனல் மாட்டும் வகுப்புக்குத்தான் ஓடுவார்கள், நான் அதை முதலில் சொல்லமாட்டேன். பேனலுக்கு ஆள் தேவை கட்டி முடிக்கும் வரைதான், ஓட ஆரம்பித்தால் சிலர் போதும். கையில் இருக்கும் தொழிலுக்குப் பக்கத்தில் தேடுங்கள்: காகித ஆலைக்கும் மருத்துவமனைக்கும் நீராவி வேண்டும், உயர் மின்னழுத்தம் தெரிந்தவருக்குத் துணை மின்நிலையம் இருக்கிறது.

வர்த்தகத் தடங்கல் வேறு கதை. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கி கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனது மாதிரி சரக்கு தாமதமானால், நிலைமை சரியானதும் ஆர்டர் மறுபடி வரலாம். அங்கே அவசரப்பட்டு ராஜினாமா செய்யாமல், ஆட்குறைப்புக்குப் பதில் வேலை நேரக் குறைப்பைக் கேளுங்கள். ஜெர்மனியில் இப்படிக் குறையும் நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, பிள்ளை இருந்தால் 67 சதவீதத்தை, வேலையின்மைக் காப்பீட்டிலிருந்து ஈடுகட்டுகிறார்கள்.

ஊர்க்காரர்கள் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: மின்நிலையத்தை மின்கட்டமைப்போடு (கிரிட்) சேர்க்கும் இணைப்பு. ஹேசல்வுட் இடத்தில் 2023-இல் 150 மெகாவாட் பேட்டரி நிலையம் வந்ததற்கு அந்தப் பழைய இணைப்பும் ஒரு காரணம். பேட்டரி பழைய அளவு ஆட்களுக்கு வேலை தராது, சரி, ஆனால் வரி வரும். ஆகவே இணைப்பைக் கழற்றக்கூடாது, சாம்பல் குளத்தை இன்னார் எந்தத் தேதிக்குள் சுத்தம் செய்ய வேண்டும் என்பதை மூடும் ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள்.