மாடிஃபை செய்த டர்ட் பைக் கிக்கில் பிடிக்கவில்லையா? கார்புரேட்டரைக் கழற்றும் முன் டேப்பட்டைப் பாருங்கள்

பெரிய பிஸ்டன் போட்டு, கேம் (வால்வுகளைத் தள்ளித் திறக்கும் தண்டு) மாற்றி, கார்புரேட்டரையும் ஒரு சைஸ் ஏற்றியாகிவிட்டது. ஓடும்போது வண்டி பறக்கிறது, ஸ்டார்ட் செய்வதுதான் பெரும்பாடு. என்னுடைய 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கிலும் இதே தொல்லை. தள்ளிவிட்டால் உடனே பிடிக்கும், கிக்கரில் எவ்வளவு உதைத்தாலும் பிடிக்காது. இந்த ஓர் அறிகுறியே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது.

கிக் அடிக்கும்போது இன்ஜின் மிக மெதுவாகச் சுற்றுகிறது. டேப்பட் கேப், அதாவது கேமுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்க வேண்டிய சிறு இடைவெளி, குறைந்துபோய் இன்டேக் வால்வு முழுதாக மூடாமல் மயிரிழை திறந்திருந்தால், அந்த மெதுவான சுற்றில் கம்ப்ரஷன் கசிந்து போக நேரம் கிடைக்கிறது. தள்ளும்போது சுற்று கூடுவதால் கசிய நேரம் இல்லை, வண்டி பிடித்துக்கொள்கிறது. பிடித்தபின் குறை தெரியவே தெரியாது. அதனால்தான் பலர் நல்ல கார்புரேட்டரைப் பிரித்துப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கீழே உள்ளது கார்புரேட்டர் வைத்த, கிக்கர் உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் இன்ஜினுக்கான வரிசை. பெட்ரோல் புதிதா, ஏர் ஃபில்டர் சுத்தமா, கில் ஸ்விட்ச் சரியா என்பதையெல்லாம் முடித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: பிளக்

சோக் போட்டு ஏழெட்டு கிக் அடித்தபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, ஆனால் எரியவில்லை. காய்ந்திருந்தால் பெட்ரோலே உள்ளே போகவில்லை. அடுத்து எந்தப் பக்கம் தேடுவது என்பதை இது காட்டிவிடும்.

கரண்ட் வருகிறதா என்று பிளக்கை ஹெட்டில் தொடவைத்துப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெளிக்காற்றில் எளிதாகத் தாவும் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தத்தில் தாவாமல் போகலாம். கம்ப்ரஷன் கூட்டிய பிஸ்டன் போட்டிருந்தால் இது இன்னும் மோசம். இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பொறி 6 மி.மீ. தாண்டினால் இக்னிஷன் பக்கம் கவலை வேண்டாம். சோதிக்கும்போது பிளக் துளையைத் துணியால் மூடுங்கள், அங்கிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும்.

இன்னொன்று. மாடிஃபை செய்தவர்கள் பெரும்பாலும் ஒரு எண் கூலான பிளக்கும் போட்டுவிடுகிறார்கள். என்ஜிகே பிளக்கில் எண் கூடக் கூடக் கூல். நிதானமாக ஓட்டுபவருக்கு அது கரி பிடித்து ஸ்டார்ட்டிங்கைக் கெடுக்கும். பழைய எண்ணுக்கே திரும்பி, பிளக் முனைகளின் கேப்பை 0.7 மி.மீ. அளவில் வைத்துப் பாருங்கள். கம்ப்ரஷன் மிக அதிகமென்றால் 0.6.

இரண்டாம் படி: டேப்பட்

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இது. அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சீட், டேங்க், வால்வு கவர் எல்லாம் வெளியே. பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டு, பிளக்கையும் கழற்றிவிடுங்கள். மேக்னெட் (பொறிக்குக் கரண்ட் தரும் சுழல் சக்கரம்) பக்கமுள்ள நட்டில் சாக்கெட் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே சுற்றி டிடிசி குறியை, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்தின் குறியை, சேருங்கள்.

குறி சேர்ந்துவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அது கம்ப்ரஷன் டிடிசி. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு கேமின் மூக்கும் வால்வை அழுத்தாமல் விலகி நிற்க வேண்டும். அழுத்திக்கொண்டிருந்தால் இன்னொரு முழுச் சுற்று.

இப்போது முக்கியமான விஷயம். நிறைய டர்ட் பைக்குகளில் எக்ஸாஸ்ட் கேமில் ஆட்டோ டீகம்ப்ரஷன் என்று ஒரு சிறிய பின் இருக்கும். கிக் அடிக்கும்போது எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கிப்பிடித்து, கிக்கரை லேசாக்குவது அதன் வேலை. டிடிசிக்குச் சற்று முன்பே நிறுத்தி அளந்தால் அந்தப் பின் வால்வைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். எக்ஸாஸ்டில் கேப்பே இல்லை என்று ஃபீலர் கேஜ் (கேப்பை அளக்கும் மெல்லிய பட்டைகள்) சொல்லும், நீங்களும் நம்பித் தேவையில்லாமல் ஷிம் (கேப்பைக் கூட்டிக் குறைக்க வால்வின் மேல் வைக்கும் சிறு தகடு) மாற்றிவிடுவீர்கள். குறியைத் துல்லியமாகச் சேர்த்தபின் கேமை ஒருமுறை உற்றுப் பாருங்கள்: பின் எதையும் தொடக் கூடாது. குறியைத் தாண்டிப் போய்விட்டால் பின்னோக்கித் திருப்பாமல், மறுபடி முன்னோக்கியே இரண்டு சுற்று சுற்றி வாருங்கள்.

ஃபீலர் கேஜில் நுனி வளைந்த வகைதான் வாங்க வேண்டும். நேரான பட்டை கேமுக்கு அடியில் சாய்வாக நுழைந்து தப்பான அளவு காட்டும். 250 சிசி ரகத்தில் இன்டேக் 0.10 முதல் 0.15 மி.மீ. என்பது பரவலான அளவு. எக்ஸாஸ்ட் அதைவிடக் கூடுதலாக இருக்கும். உங்கள் வண்டிக்கு அதன் மேனுவலைப் பாருங்கள். வேறு கேம் போட்டிருந்தால் மேனுவலும் செல்லாது, கேமோடு வந்த தாளில் உள்ள அளவுதான் கணக்கு. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு இன்டேக்கில் 0.05 பட்டைதான் நுழைந்தது. ஷிம் கணக்கு எளிது: பழைய ஷிம்மோடு அளந்த கேப்பைக் கூட்டி, தேவையான கேப்பைக் கழியுங்கள். பழைய ஷிம் 1.80, கேப் 0.05 என்றால் கூட்டுத்தொகை 1.85. அதில் 1.75 ஷிம் போட்டால் கேப் 0.10, 1.70 போட்டால் 0.15. இந்த வகை இன்ஜினில் வால்வு சீட்டில் தேய்ந்து இறங்க இறங்க கேப் குறைந்துகொண்டுதான் போகும். அதனால் நான் எப்போதும் மேல் எல்லையை ஒட்டியே வைப்பேன், இங்கே 1.70.

ஷிம் மாற்றிய சில நாட்களிலேயே கேப் மறுபடி சுருங்கினால் நிறுத்திவிடுங்கள். வால்வின் முகம் தேய்ந்துவிட்டது, இனி ஷிம் உதவாது. டைட்டானியம் வால்வு என்றால் அதன் மேல்பூச்சு போய்விட்டது என்று பொருள். அதை லேப்பிங் செய்து (பசை தடவித் தேய்த்து) காப்பாற்ற முடியாது, வால்வை மாற்றிச் சீட்டையும் வெட்ட வேண்டும்.

எக்ஸாஸ்ட் கேப் அதிகமாகிவிட்டாலும் தொல்லைதான். டீகம்ப்ரஷன் பின்னுக்கு வால்வு எட்டாது, கிக்கர் கல்லாக இருக்கும்.

மூன்றாம் படி: கம்ப்ரஷன்

டீகம்ப்ரஷன் உள்ள இன்ஜினில் கம்ப்ரஷன் கேஜ் எப்படியும் குறைவாகத்தான் காட்டும். பெரிய கேமும் இன்டேக் வால்வைத் தாமதமாக மூடுவதால் எண்ணை இன்னும் இறக்கும். அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து பிஸ்டனைக் கழற்றாதீர்கள். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் கசிவைக் காட்டும் லீக் டவுன் டெஸ்டர்தான் இதற்குச் சரி. கம்ப்ரஷன் டிடிசியில் வைத்துக் காற்றை ஏற்றிக் காது கொடுங்கள். கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, பிரீதர் குழாயில் சீறினால் பிஸ்டன் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். காற்றை ஏற்றும் முன் நட்டில் மாட்டிய ஸ்பேனரை எடுத்துவிடுங்கள், இன்ஜின் திடீரென்று சுற்றினால் கையைப் பதம் பார்த்துவிடும்.

நான்காம் படி: இப்போது கார்புரேட்டர்

பெரிய கார்புரேட்டரின் வாய் அகலம். கிக் வேகத்தில் அதற்குள் காற்று மெதுவாகத்தான் போகும், அந்த உறிஞ்சல் பெட்ரோலை இழுக்கப் போதாது. ஸ்டார்ட்டிங்கை மட்டும் பார்த்தால் சின்ன கார்புரேட்டரே நல்லது என்பது என் கருத்து.

சோக்கில் பிடித்து, சோக்கை எடுத்ததும் அணைந்தால் ஸ்லோ ஜெட் (ஐடிலிங்கில் பெட்ரோல் விடும் சிறு துளை உள்ள துண்டு) அடைத்திருக்கிறது அல்லது சிறியது. கெய்ஹின் 42 ஜெட்டின் துளை 0.42 மி.மீ. அளவுதான், உலர்ந்த பெட்ரோல் பிசினே அடைத்துவிடும். கிளீனர் ஸ்ப்ரே, காற்று, வேண்டுமானால் ஒற்றைச் செம்பு இழை. ஊசி வேண்டவே வேண்டாம். திருகுகளுக்கு ஜப்பானிய ஜேஐஎஸ் நுனி ஸ்க்ரூடிரைவர் போடுங்கள், சாதாரண நட்சத்திர நுனி அவற்றின் தலையை மழித்துவிடும்.

மிக்சர் திருகு இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது: வெளியே திருப்பினால் ரிச் (பெட்ரோல் கூடும்). ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துவது: வெளியே திருப்பினால் லீன் (காற்று கூடும்). பெட்ரோல் திருகைக் கழற்றும்போது ஸ்ப்ரிங், வாஷர், ஓ ரிங் மூன்றும் வர வேண்டும். கடைசி இரண்டும் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். டார்ச் அடித்துப் பார்க்காமல் ஸ்ப்ரே அடித்தால் ஓ ரிங் பறந்துவிடும், அப்புறம் ஐடிலிங் நிற்கவே நிற்காது. இன்ஜின் சூடானபின் ஐடிலிங் அதிகமாகும் இடத்தில் திருகை நிறுத்துங்கள். பெட்ரோல் திருகு மூன்று சுற்றுக்கு மேல் போனால் ஒரு சைஸ் பெரிய ஸ்லோ ஜெட், ஒரு சுற்றுக்குக் கீழே வந்தால் சிறியது.

பின்னர் சேர்த்தது: படித்தவர்கள் கேட்ட இரண்டு கேள்விகள்

“குளிரில் பிடிக்கிறது, கீழே விழுந்து எழுந்தபின்தான் பிடிப்பதில்லை.” அது பெட்ரோல் நிரம்பிப்போனது. சோக்கை எடுத்து, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து, அப்படியே வைத்துக்கொண்டு சில கிக் அடித்து உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். பிறகு ஹாட் ஸ்டார்ட் லீவர் (சூடான இன்ஜினுக்குக் கூடுதல் காற்று விடுவது) இருந்தால் அதைப் பிடித்தபடி, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஒரே முழு கிக். ஆக்சிலரேட்டர் பம்ப் உள்ள கார்புரேட்டரில் ஒவ்வொரு முறுக்கலும் பச்சைப் பெட்ரோலைப் பீய்ச்சும், சூடான இன்ஜினில் அதைச் செய்யாதீர்கள்.

“கிக்கர் திருப்பி அடிக்கிறது.” டைமிங் செயின் ஒரு பல் மாறியிருக்கலாம். அது சரியென்றால் மேக்னெட்டைக் கழற்றி, அதைத் தண்டில் சரியான இடத்தில் நிறுத்தும் உட்ரஃப் கீ என்ற சிறு இரும்புத் துண்டு அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். லேசான மேக்னெட் போட்டவர்கள் முதலில் இதைப் பார்ப்பது நல்லது. கீ பாதி அறுந்து மேக்னெட் சற்று நகர்ந்தாலே பொறி வரும் நேரம் தப்பிவிடும். மேக்னெட்டிலும் தண்டிலும் ஒன்றோடொன்று பொருந்தும் கோன் இரண்டையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, புதுக் கீ வைத்து, மேனுவல் சொன்ன டார்க்கில் நட்டை இறுக்குங்கள். அதுவரை பூட்ஸ் இல்லாமல் கிக்கரில் கால் வைக்க வேண்டாம்.