வயிறு அடைத்த குழந்தைக்குப் பூச்சி மருந்து கொடுக்காதீர்கள்

குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால் நம் ஊரில் மூன்று யோசனைகள் உடனே வரும். "பூச்சி மருந்து குடுங்க", "வெளக்கெண்ணெய் ஊத்திப் பேதி பண்ணிவிடுங்க", "தொக்கம் எடுத்துட்டு வந்துருங்க." (தொக்கம் எடுப்பது என்றால், வயிற்றில் சிக்கியதாகச் சொல்லும் உணவை நாட்டு வைத்தியர் எடுத்துவிடுவது.) நல்லா இருக்கிற குழந்தைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை கொடுப்பது சரியான பழக்கம்தான். ஆனால் நாக்குப்பூச்சி குடலை அடைத்துவிட்ட பிறகு இந்த மூன்றில் எதைச் செய்தாலும் குழந்தைக்குக் கேடு.

தோட்டத்து மண்ணில் நெளியும் நாக்குப்பூச்சி மாதிரியே இருப்பதால் வயிற்றுக்குள் இருக்கும் உருண்டைப் புழுவுக்கும் அதே பெயர் வந்தது. இரண்டுக்கும் உறவு கிடையாது. வயிற்றுப் புழுவில் பெண் 20 முதல் 35 செ.மீ. வரை வளரும், நாளுக்கு ஏறக்குறைய 2 லட்சம் முட்டை இடும். ஒன்றிரண்டு இருந்தால் குழந்தைக்கு ஒன்றும் தெரியாமலே போகலாம். பத்து, ஐம்பது, நூறு என்று சேரும்போது ஒன்றோடொன்று பின்னி, கயிற்று உருண்டை போல் சிறுகுடலின் கடைசிப் பகுதியில், பெருங்குடலோடு சேரும் இடத்துக்குச் சற்று முன்னால், சிக்கிக்கொள்ளும். பெரியவர்களின் குடல் அகலம். இரண்டு வயது முதல் பத்து வயது வரை உள்ள குழந்தைக்குக் குடல் குறுகல். அதனால்தான் அடைப்பு பெரும்பாலும் இந்த வயதில் வருகிறது.

அடைப்பு வலி விட்டுவிட்டு வரும். குழந்தை திடீரென்று காலை மடக்கிக்கொண்டு வீறிடும், சில நிமிடத்தில் அடங்கி, ஒன்றுமே நடக்காதது போல் கிடக்கும், மறுபடி வீறிடும். இதோடு வாந்தி. முதலில் சாப்பிட்டது வரும், பிறகு மஞ்சளாகவோ பச்சையாகவோ பித்தம் வரும். வாந்தியிலேயே புழு வந்து விழுவதும் உண்டு. வெளிக்குப் போகாது, காற்றும் பிரியாது, வயிறு உப்பிக்கொண்டே போகும். தொட்டால் தொப்புளைச் சுற்றியோ அதன் வலப்பக்கமோ பிசைந்த மாவு போல ஒரு கட்டி தட்டுப்படலாம். மறுமுறை பார்க்கும்போது அது இடம் மாறியிருக்கலாம். பச்சை வாந்தி, உப்பின வயிறு, வெளிக்குப் போகாதது: இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வயிறு கல் போல் இறுகி, காய்ச்சல் அடித்து, குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டுவிட்டால் குடல் அழுகவோ ஓட்டையாகவோ தொடங்கியிருக்கலாம்.

பூச்சி மருந்து அப்போது ஏன் கூடாது? சில மருந்துகள் புழுவை முடக்கிப் போடும். முடங்கிய புழுக்கள் மொத்தமாக ஒரே இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். பாதி அடைப்பு முழு அடைப்பாகிவிடும். விளக்கெண்ணெய் குடலை வேகமாகச் சுருங்க வைக்கும். முன்னால் வழி அடைத்திருக்க, பின்னாலிருந்து தள்ளினால் குடல் முறுக்கிக்கொள்ளலாம், கிழியலாம். தொக்கம் எடுக்கிற இடத்தில் வயிற்றை உருவுவதும் குடல் தட்டுவதும் இதே ஆபத்துதான். அதைவிடப் பெரிய நஷ்டம், அங்கே போய்வரும் அரை நாள்.

செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். வாய்வழி எதுவும் வேண்டாம். இளநீர், சோடா, கஞ்சித் தண்ணி எதுவும் கூடாது. நாக்கு வறண்டால் ஈரத்துணியால் உதட்டை மட்டும் நனையுங்கள். வாந்தி மூச்சில் ஏறாமல் இருக்க ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108-ஐக் கூப்பிட்டு, "வயிறு அடைப்பு, பச்சை வாந்தி" என்று சொல்லுங்கள். குழந்தை அறுவை மருத்துவர் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும். வால்பாறையில் இருப்பவர்கள் ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், கொல்லிமலைக்காரர்களுக்கு 70. மலையில் இருப்பவர்கள் முடிவை மற்றவர்களுக்கு முன்பே எடுக்க வேண்டும். தாளவாடியிலிருந்து இறங்கும் திம்பம் மலைப்பாதையில் வாகனங்களுக்கு இரவுத் தடை இருந்தாலும் ஆம்புலன்ஸுக்கு விலக்கு உண்டு. தாளவாடிக்காரர்கள் அதற்காகத் தயங்க வேண்டியதில்லை.

போகும்போது இதைச் சொல்லத் தயாராக இருங்கள்: கடைசியாக எப்போது வெளிக்குப் போனது, வாந்தி என்ன நிறம், கடைசியாக என்ன சாப்பிட்டது, பூச்சி மாத்திரை எப்போது என்ன பெயரில் கொடுத்தது. புழு வந்திருந்தால் ஒரு பாட்டிலில் போட்டோ, போனில் படம் எடுத்தோ கொண்டுபோங்கள். அந்த ஒரு படம் பல கேள்விகளை மிச்சப்படுத்தும்.

ஆஸ்பத்திரியில் மூக்குவழி டியூப் போட்டு வயிற்றில் தேங்கியதை வெளியே எடுப்பார்கள். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி நீரும் உப்பும் சரிசெய்வார்கள். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்ப்பார்கள். ஸ்கேனில் புழுக்கள் கட்டுக் கட்டாகத் தெரியும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஓரிரு நாளில் கட்டு தானே அவிழ்ந்து புழுக்கள் பெருங்குடலுக்கு இறங்கிவிடும். "பட்டினி போட்டு வெறுமனே பார்த்துக்கிட்டே இருக்காங்க" என்று கோபப்பட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்; அந்தக் கண்காணிப்புதான் வைத்தியம். அது பலிக்காவிட்டாலோ, குடல் முறுக்கியோ ஓட்டையாகியோ இருந்தாலோ அறுவை செய்வார்கள். அறுவையின்போது குடல் நன்றாக இருந்தால் அதை வெட்டாமலேயே புழுக்களைக் கையால் மெல்லப் பெருங்குடலுக்குத் தள்ளிவிடவும் முடியும். அடைப்பு நீங்கி, வெளிக்குப் போன பிறகே பூச்சி மருந்து.

அந்த மருந்து குடலில் இருக்கும் புழுவைக் கொல்லும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுப் புழு குடலைத் துளைத்து, நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, மறுபடி விழுங்கப்பட்டுத்தான் வயிற்றுக்கு வருகிறது. நுரையீரலில் இருப்பதை இந்த ஒரு வேளை மருந்து பிடிக்காது. விழுங்கிய முட்டை, முட்டையிடும் புழுவாக வளர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதனால் மூன்று மாதம் கழித்து மலப் பரிசோதனையோ மறு வேளை மருந்தோ தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

குழந்தை நல்லா இருக்கும்போது கொடுக்கும் அளவு: அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரை, 1 முதல் 2 வயது வரை பாதி, 2 வயதுக்கு மேல் முழுசு. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் திட்டத்தில் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் 19 வயது வரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். சின்னக் குழந்தைக்கு இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்துப் பொடித்து, தண்ணீரில் கலக்குங்கள். பெரியவன் மென்று தின்னட்டும். மூக்கைப் பிடித்து விழுங்க வைத்தால் மூச்சுக்குழாயில் போய்ச் சிக்கலாம். காய்ச்சல், வாந்தி, வயிற்றுவலி இருந்தால் அன்றைக்கு வேண்டாம். சரியான பிறகு நர்ஸம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மருந்து கொடுத்த வீட்டிலும் புழு திரும்ப வருவது மண்ணால்தான். முட்டை நேரடியாகத் தொற்றாது. ஈர நிழல் மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முதிர வேண்டும். மாட்டுச் சாணத்திலிருந்து இந்தப் புழு வருவதில்லை, மனிதக் கழிவிலிருந்துதான். சாளையில் (தோட்டத்து வீட்டில்) கக்கூஸ் இருந்தும் குழந்தையை மட்டும் வாய்க்கால் ஓரமோ வாழைத்தோப்பிலோ உட்கார வைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. குழந்தையின் மலத்தையும் கக்கூஸில்தான் கொட்ட வேண்டும். செப்டிக் டேங்க் லாரிக்காரர் "நல்ல எரு" என்று தோட்டத்தில் இறக்கக் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும், குளோரினுக்கும் சாகாது. கொதிக்க வைத்தால் சாகும். கீரை, கொத்தமல்லி, கேரட்டை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள்; முட்டை பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும், ஒருமுறை முக்கி எடுத்தால் போகாது. குழந்தையின் நகத்தை வாரம் ஒருமுறை ஒட்ட வெட்டிவிடுங்கள்.