ட்வீனா, டீனா? இடைப்பட்ட ஆட்களுக்கு ஆங்கிலச் சொல் தேடுவது எப்படி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். அங்கேயும் சேராமல் இங்கேயும் சேராமல் இருப்பவர்களை எப்படிச் சொல்வது என்று அடிக்கடி கேட்பார்கள்.

முதலில் வயதைப் பாருங்கள். சுமார் 8 முதல் 12 வரை என்றால் ட்வீன். என் அக்கா மகளுக்கு 11. சில்வர் பீச்சில் மணல் வீடும் கட்டுவாள், அம்மாவின் செல்போனையும் பிடுங்குவாள். 13 ஆனால் டீன். அப்புறமும் ட்வீன் என்று கூப்பிட்டால் முறைப்பார்கள்.

சாப்பாட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். பெரும்பாலும் சைவம், எப்போதாவது கறி என்றால் ஃப்ளெக்ஸிடேரியன். 2003இன் மிகப் பயனுள்ள சொல்லாக அமெரிக்கன் டயலெக்ட் சொசைட்டி என்ற மொழி ஆய்வுச் சங்கம் இதைத்தான் தேர்ந்தெடுத்தது. மீன் உண்டு, ஆடு கோழி கிடையாது என்பவர் பெஸ்கடேரியன். புரட்டாசி மாதம் மட்டும் சைவமாகி, துறைமுகத்து வஞ்சிரத்தை நினைத்து நாள் எண்ணும் எங்கள் மாமா இரண்டிலும் சேர மாட்டார். அவருக்கு என்ன பெயர் வைப்பது!

ஒருநாள் கலகலப்பு, மறுநாள் தனிமை வேண்டும் என்பவர் ஆம்பிவெர்ட்.

இதெல்லாம் பேச்சுக்குச் சரி. விண்ணப்பத்தில் ட்வீன் என்று எழுதாதீர்கள், வயதை எண்ணிலேயே போடுங்கள்.