ஹைபர்ஜியோமெட்ரிக் சார்புகளும் தொகையீட்டு உருமாற்றங்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காமா, ஹைபர்ஜியோமெட்ரிக் போன்ற தனிப் பெயர் பெற்ற சிறப்புச் சார்புகளோடு வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் கணக்குப் போடும்போது தவறுவதில்லை, அட்டவணையிலிருந்து சூத்திரத்தை எடுக்கும்போதே தவறிவிடுகிறார்கள். சமன்பாட்டை எழுதிக்கொண்டு, அதன் கீழே இருக்கும் "இன்னதன் மெய்ப்பகுதி 0-வைவிடப் பெரிதானால்" என்ற வரியை விட்டுவிடுகிறார்கள். அந்த வரியும் சேர்ந்ததுதான் சூத்திரம்.

காஸ் 1812-ல் கொடுத்த தேற்றத்தை எடுத்துக்கொள்வோம். மேலே ஏ, பி, கீழே சி என்ற அளவுருக்கள் உள்ள ஹைபர்ஜியோமெட்ரிக் தொடரில், எக்ஸ்-ன் என்-ஆம் அடுக்கின் குணகம் இப்படி இருக்கும்: தொகுதியில் ஏ, ஏ+1, … என்று என் எண்களின் பெருக்கமும் அதேபோல் பி-யின் பெருக்கமும், பகுதியில் சி-யின் பெருக்கமும் என்-காரணீயமும். அதில் எக்ஸ் = 1 என்று போட்டால் விடை நான்கு காமாக்களில் (காமா என்பது காரணீயத்தை முழு எண் அல்லாதவற்றுக்கும் நீட்டிய சார்பு) அடங்கிவிடும். தொகுதியில் காமா(சி), காமா(சி−ஏ−பி), பகுதியில் காமா(சி−ஏ), காமா(சி−பி). நிபந்தனை ஒன்றுதான், சி−ஏ−பி-யின் மெய்ப்பகுதி 0-வைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இப்போது ஏ = 1, பி = 3/2, சி = 1 என்று போட்டுப் பாருங்கள். தொடர் 1 + 3/2 + 15/8 + … என்று போகிறது, எல்லாமே மிகை எண்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரியது, அதனால் கூட்டுத்தொகை முடிவிலிக்குத்தான் போகும். சூத்திரமோ 0 என்கிறது, ஏனென்றால் பகுதியில் காமா(0) இருக்கிறது, அது முடிவிலி. விடை முடிவிலி என்று வந்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும். 0 என்பது பார்க்க ஒழுங்கான எண், அப்படியே அடுத்த வரிக்குப் போய்விடும், ஆபத்து அதில்தான்.

பொதுமைப்படுத்திய தொடர் என்றால் மேலே எத்தனை அளவுருக்கள், கீழே எத்தனை என்று முதலில் எண்ணுங்கள். மேலே உள்ளவை கீழே உள்ளவற்றைவிட அதிகமில்லை என்றால் தொடர் எல்லா இடத்திலும் ஒருங்கும். ஒன்று அதிகமானால் அலகு வட்டத்துக்குள் ஒருங்கும், வட்டத்தின் மேல் தனியாகச் சோதிக்க வேண்டும். அதற்கும் மேல் போனால், தொடர் இடையில் நின்றுவிட்டால் ஒழிய, 0-வைத் தவிர எங்கும் ஒருங்காது. எண்ணும்போது ஒரு கவனம் வேண்டும்: ஒவ்வொரு உறுப்பின் பகுதியிலும் என்-காரணீயம் ஏற்கெனவே இருக்கிறது, அதை யாரும் கீழ் அளவுருவாக எழுதுவதில்லை. 1/(1−எக்ஸ்)-ன் குணகங்கள் எல்லாம் 1 என்று பார்த்துவிட்டு மேலேயும் கீழேயும் ஒன்றுமில்லை என்று எழுதினால் கிடைப்பது ஈ^எக்ஸ். சரியாக எழுதினால் மேலே ஒரு 1, கீழே ஒன்றுமில்லை.

கீழ் அளவுரு 0 அல்லது குறை முழு எண் ஆனால் ஏதோ ஓர் உறுப்பிலிருந்து பகுதி 0 ஆகிவிடும், இன்னும் சிக்கல். மேலே −2, கீழேயும் −2 இருக்கிறது, இரண்டையும் அடித்துவிடலாமா? அடித்தால் ஈ^எக்ஸ் வரும். மேல் அளவுருவை முதலில் −2 என்று நிறுத்திவிட்டு, அப்புறம் கீழ் அளவுருவை −2-க்குக் கொண்டுபோனால் தொடர் 1 + எக்ஸ் + எக்ஸ்²/2 என்பதோடு முடிந்துவிடும். இரண்டுமே எல்லைகள்தான், எந்த வரிசையில் எடுத்தீர்கள் என்பதை எழுதியே ஆகவேண்டும்.

அடுத்து, லாப்லாஸ் உருமாற்றத்துக்குள் (டி-யின் சார்பை ஈ^(−எஸ் டி)-ஆல் பெருக்கி 0 முதல் முடிவிலி வரை தொகையிடுவது) தொடரைக் கொண்டுபோய் உறுப்பு உறுப்பாகத் தொகையிடும் பழக்கம். ஒவ்வொரு உறுப்பிலும் டி-யின் அடுக்கு ஒரு காமாவாக மாறுவதால் மேலே ஓர் அளவுரு கூடுகிறது, ஆக ஒருங்கும் தன்மை ஒரு படி இறங்குகிறது. 1/(1+டி)-ஐப் பாருங்கள். அதன் லாப்லாஸ் தொகை மிகை எஸ் எல்லாவற்றுக்கும் உண்டு, எஸ் = 10 என்றால் மதிப்பு 0.091563. ஆனால் தொடரை விரித்துத் தொகையிட்டால் 0.1 − 0.01 + 0.002 − 0.0006 + … என்று வரும், என் என்ற இடத்தில் என்-காரணீயத்தை 10-ன் (என்+1)-ஆம் அடுக்கால் வகுத்த உறுப்பு. இது எந்த எஸ்-க்கும் ஒருங்காத தொடர். உறுப்புகள் என் = 9, 10 வரை சுருங்கி 0.000036 அளவுக்கு வருகின்றன, அப்புறம் வளர ஆரம்பித்து, என் = 25-ல் ஓர் உறுப்பு மட்டுமே 0.155 ஆகி மொத்த விடையையே தாண்டிவிடுகிறது. சிறிய உறுப்பு வந்ததும் நிறுத்தினால் நல்ல தோராயம் கிடைக்கும், அதற்காகவே அணுகுத் தொடர் என்று அதை மதித்து வைத்திருக்கிறோம். சமக் குறி போட்டு ஒரு புதிய ஹைபர்ஜியோமெட்ரிக் சார்பு என்று எழுதுவதுதான் தப்பு. எழுத வேண்டுமானால் அந்தத் தொகையீட்டையே வரையறையாக வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

மெல்லின் உருமாற்றத்தில் (சார்பை எக்ஸ்-ன் (எஸ்−1)-ஆம் அடுக்கால் பெருக்கி 0 முதல் முடிவிலி வரை தொகையிடுவது) அடிக்கடி தொலைவது பட்டை, அதாவது எஸ்-ன் மெய்ப்பகுதி எந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது என்பது. ஈ^(−எக்ஸ்)-ன் மெல்லின் உருமாற்றம் காமா(எஸ்), மெய்ப்பகுதி 0-வைவிடப் பெரிதாக இருக்கும் வரை. ஈ^(−எக்ஸ்) − 1 என்பதன் உருமாற்றமும் அதே காமா(எஸ்)தான், ஆனால் மெய்ப்பகுதி −1-க்கும் 0-க்கும் நடுவில். ஒரே விடை, இரண்டு வெவ்வேறு சார்புகள்! பட்டையைக் குறிக்காமல் காமா(எஸ்)-ஐ மட்டும் கொடுத்து நேர்மாறு கேட்டால் பதில் சொல்ல முடியாது. காமாக்களின் பெருக்கத்தைக் கலப்பெண் தளத்தில் ஒரு பாதை வழியே தொகையிடும் மெல்லின்–பார்ன்ஸ் தொகையீடுகளில், பாதை எந்தத் துருவங்களை (காமா முடிவிலியாகும் புள்ளிகளை) இடப்பக்கம் விடுகிறது, எவற்றை வலப்பக்கம் விடுகிறது என்று கேட்பதும் இதே கேள்விதான். இந்தத் தொகையீடுகளால் வரையறுக்கப்படும் மைஜர் ஜி-சார்பு, ஃபாக்ஸ் எச்-சார்பு என்று எவ்வளவு பெரிதாகப் போனாலும் பாதையைச் சொல்லாமல் எழுதினால் எதையும் வரையறுத்ததாக ஆகாது.

இதையொட்டியே ராமானுஜனின் முதன்மைத் தேற்றத்தையும் சொல்லிவிட வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த தேற்றம், அதனாலேயே அதைத் தவறாகப் பயன்படுத்துவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. (−எக்ஸ்)-ன் கே-ஆம் அடுக்குக்குக் குணகம் ஃபை(கே) என்றால், அந்தத் தொடரின் மெல்லின் உருமாற்றம் பை/சைன்(பை எஸ்) பெருக்கல் ஃபை(−எஸ்). ஃபை எப்போதும் 1 என்றால் தொடர் 1/(1+எக்ஸ்), விடை சரியாக வருகிறது. இப்போது ஃபை(கே) = 1 + சைன்(பை கே) என்று வைத்தால்? முழு எண்களில் அந்த சைன் 0, ஆக தொடர் கொஞ்சமும் மாறவில்லை, ஆனால் சூத்திரத்தின் விடையில் பை அளவு குறைந்துவிடுகிறது. கணிதவியலாளர் ஹார்டி பின்னால் வைத்த வளர்ச்சி நிபந்தனை (ஃபை எவ்வளவு வேகமாக வளரலாம் என்பது) இந்த மாதிரி சைனைத்தான் வெளியே நிறுத்துகிறது. குணகங்களை இணைக்கும் சார்பு பல உண்டு, நீங்கள் எடுத்தது அந்த நிபந்தனைக்குள் வருகிறதா என்று பார்த்த பிறகே −எஸ்-ஐப் போடுங்கள்.

மாறிக்குப் பதில் இருபடிக் கோவையைப் போட்டு ஒரு ஹைபர்ஜியோமெட்ரிக் சார்பை இன்னொன்றோடு இணைக்கும் இருபடி உருமாற்றங்களிலும், சூத்திரம் எதுவரை செல்லும் என்ற எல்லை முக்கியம். மேலே 1/2, −1/2, கீழே 1/2, மாறி 4எக்ஸ்(1−எக்ஸ்) என்ற சார்பு, மேலே 1, −1, கீழே 1/2, மாறி எக்ஸ் என்ற சார்புக்குச் சமம் என்று அட்டவணை சொல்லும். வலப்பக்கம் 1−2எக்ஸ். இடப்பக்கம் (1−2எக்ஸ்)²-ன் வர்க்கமூலம். எக்ஸ் = 1 என்று போட்டால் ஒரு பக்கம் −1, இன்னொரு பக்கம் 1. சமன்பாடு எக்ஸ்-ன் மெய்ப்பகுதி 1/2-ஐவிடச் சிறிதாக இருக்கும் வரைதான்.

புதுப் பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுமுடு உருமாற்றம் என்பது லாப்லாஸ் உருமாற்றத்தில் எஸ்-க்கு 1/யூ போட்டு, யூ-வால் வகுத்தது. கே-காமா என்பது எக்ஸ்/கே-யின் சாதாரண காமாவை கே-யின் ஓர் அடுக்கால் பெருக்கியது. பயன்படுத்தக் கூடாது என்றில்லை, ஆனால் மாறியை மாற்றினால் பழைய முடிவே திரும்பக் கிடைக்கும் என்றால் அதைப் புதுத் தேற்றம் என்று எழுதுவது படிக்கிறவர் நேரத்தை எடுத்துக்கொள்வது.

கடைசியாக, கணினியில் சரிபார்க்கும்போது வரையறை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முழு நீள்வட்டத் தொகையீட்டுக்குப் பல அட்டவணைகள் கே என்ற அளவுருவைக் கேட்கும், கணிப்பு மென்பொருள்களான சைபையும் மேத்தமேட்டிகாவும் கே²-ஐக் கேட்கும். 0.5 என்று கொடுத்தால் ஒன்றில் 1.6858, இன்னொன்றில் 1.8541. தொடரை நேரடியாகக் கூட்டுவதிலும் கவனம் வேண்டும்: ஈ^(−20)-ஐத் தொடராகக் கூட்டினால் நடுவில் 4 கோடியைத் தாண்டும் உறுப்புகள் வரும், விடையோ 0.000000002 அளவு, கணினியின் 16 இலக்கத் துல்லியத்தில் மிஞ்சுவது வெறும் பிழைதான். மேலே ஏ, கீழே பி உள்ள சார்பை −20-ல் கணக்கிட கும்மர் உருமாற்றம் இருக்கிறது, மேலே பி−ஏ என்று மாற்றி, +20-ல் கூட்டி, ஈ^(−20)-ஆல் பெருக்குங்கள். பி-யும் பி−ஏ-யும் மிகை எண்களாக இருந்தால் எல்லா உறுப்புகளும் மிகையாகவே வரும், கழித்தலுக்கே இடமில்லை.